சரக்குப் பில்லுக்குப் பணம் கட்டுவது: டிரான்ஸ்ஃபரா, செக்கா, கார்டா?

மொத்த வியாபாரியிடம் 3 லட்ச ரூபாய்க்குச் சரக்கு எடுத்திருக்கிறீர்கள். ரொக்கமாகக் கட்டும் காலம் போய்விட்டது. ஒரே பார்ட்டிக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், அந்தக் கொள்முதலை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. லாரிக்காரருக்குக் கொடுக்கும் வாடகைக்கு மட்டும் இந்த வரம்பு 35,000. வாங்குகிற பக்கத்திலும் கட்டு உண்டு: 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கியவர் மீது வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விழலாம். ஆக, கையில் இருப்பவை மூன்று: வங்கி டிரான்ஸ்ஃபர், செக், கிரெடிட் கார்டு.

எதில் கட்டணம் குறைவு என்றுதான் பெரும்பாலோர் முதலில் பார்க்கிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு. பணம் எந்த நேரத்தில் உங்கள் கையை விட்டுப் போகிறது? போன பிறகு சரக்கு வராவிட்டால், பழுதாக வந்தால், யாரிடம் போய்க் கேட்பீர்கள்? மூன்று வழிக்கும் இந்தக் கேள்விக்கு மூன்று விதமான பதில் இருக்கிறது.

டிரான்ஸ்ஃபர்: வேகம் உண்டு, திரும்பும் வழி இல்லை

பெரிய தொகைக்கான வங்கிப் பரிமாற்ற முறையான ஆர்டிஜிஎஸ் 2 லட்சத்தில் தொடங்குகிறது; ரிசர்வ் வங்கி மேல்வரம்பு எதுவும் வைக்கவில்லை. ஒவ்வொரு பரிமாற்றமும் தனித்தனியாக உடனுக்குடன் தீர்க்கப்படும். பணம் வந்து சேர்ந்த 30 நிமிடத்துக்குள் பெறும் வங்கி கணக்கில் வரவு வைத்தாக வேண்டும். இன்னொரு முறையான நெஃப்ட்டுக்குக் குறைந்தபட்சத் தொகை கிடையாது. அரை மணிக்கு ஒரு தொகுப்பாக, நாளுக்கு 48 தொகுப்புகளில் போகிறது. நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்தும், ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பரிலிருந்தும் ஞாயிறு, பண்டிகை என்று பாராமல் 24 மணி நேரமும் இயங்குகின்றன. ஐஎம்பிஎஸ் 5 லட்சம் வரை, சில நொடிகளில் போய்விடும். யுபிஐ பொதுவாக நாளுக்கு 1 லட்சம் என்பதால் சில்லறை பில்லுக்கே சரி. இவை முறையின் வரம்புகள். உங்கள் வங்கியும் செயலியும் இதற்குக் கீழே தனி வரம்பு வைத்திருக்கும். பெரிய பில் வருவதற்கு முந்தைய நாளே அதைப் பார்த்து உயர்த்தி வையுங்கள்.

கட்டணம் அற்பம். கிளைக்குப் போய்ச் சலான் எழுதிக் கொடுத்தால்கூட 2 முதல் 5 லட்சம் வரையிலான ஆர்டிஜிஎஸ்ஸுக்கு அதிகபட்சம் 24 ரூபாய் 50 காசு, அதற்கு மேல் போனால் 49 ரூபாய் 50 காசு, ஜிஎஸ்டி தனி. 2 லட்சத்துக்கு மேற்பட்ட நெஃப்ட்டுக்கு அதிகபட்சம் 25 ரூபாய். ஆன்லைனில் பல வங்கிகள் எதுவுமே வாங்குவதில்லை.

ஆபத்து இருப்பது கணக்கு எண்ணில். இந்த முறைகளில் பணம் வரவு வைக்கப்படுவது எண்ணை மட்டுமே பார்த்து. நீங்கள் அடித்த பெயரும் கணக்கில் உள்ள பெயரும் ஒன்றா என்று பெறும் வங்கி ஒப்பிட வேண்டிய கட்டாயம் இல்லை. இல்லாத எண்ணை அடித்துவிட்டால் பணம் திரும்பி வந்துவிடும். ஒரு இலக்கம் மாறி அது வேறொருவரின் உயிருள்ள கணக்காக அமைந்துவிட்டால் பணம் அவரிடம் போய்ச் சேரும். அவர் சம்மதிக்காமல் வங்கி தானாக எடுத்துத் தர முடியாது. 2025 ஏப்ரல் முதல் நெஃப்ட்டிலும் ஆர்டிஜிஎஸ்ஸிலும் அனுப்பும் முன் பெறுபவரின் பெயரைத் திரையில் காட்டும் வசதியை வங்கிகள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருப்பதால் இந்த ஓட்டை பெரிதும் அடைபட்டிருக்கிறது. ஆனால் அந்தப் பெயரை நீங்கள் நின்று படித்தால்தான் பயன்.

புதுப் பார்ட்டியைச் சேர்க்கும்போது செய்ய வேண்டியது இது. பில்லில் அச்சிட்ட வங்கி விவரத்தை நம்பி அடிக்காமல், ரத்து என்று குறுக்கே எழுதிய செக்கின் படத்தைக் கேட்டு வாங்குங்கள். வங்கிக் கிளையின் குறியீடான ஐஎஃப்எஸ்சி 11 எழுத்து. முதல் நான்கு வங்கியின் பெயர், ஐந்தாவது எப்போதுமே பூஜ்யம். அதை ஆங்கில ‘ஓ’ என்று அடித்துவிட்டு ஏற்கவில்லையே என்று தவிப்பது அன்றாடம் நடக்கிறது. இணைக்கப்பட்ட வங்கிகளின் பழைய குறியீடு பழைய பில் புத்தகங்களில் இன்னும் அச்சாகி வருகிறது. கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ்ஸோடு இணைந்தது, அதே ஆண்டு அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடு சேர்ந்தது. கணக்கின் பெயரை, பார்ட்டியின் ஜிஎஸ்டி எண்ணுக்கு ஜிஎஸ்டி தளத்தில் காட்டும் சட்டப் பெயரோடு ஒப்பிடுங்கள். கடையின் பெயர் ஒன்று, கணக்கு யாரோ ஒரு தனிநபரின் சேமிப்புக் கணக்கு என்றால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். அதன் பிறகு ஐஎம்பிஎஸ்ஸில் 1 ரூபாய் அனுப்பி, வந்ததா என்று போனில் கேட்டு உறுதி செய்துகொண்டு பெரிய தொகையை அனுப்புங்கள். புதிதாகச் சேர்த்த கணக்குக்குச் சில மணி நேரம் முதல் ஒரு நாள் வரை பெரிய தொகை அனுப்ப விடாமல் வங்கிகள் தடுத்து வைப்பதுண்டு. அதனால் இந்த வேலையை லாரி வாசலில் வந்து நிற்கும்போது தொடங்காதீர்கள்.

பழைய பார்ட்டியிடமிருந்து “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடுங்கள்” என்று மெயிலோ வாட்ஸப்போ வந்தால், அந்தச் செய்தியில் உள்ள எண்ணைக் கூப்பிடாமல், உங்களிடம் முன்பே இருக்கும் எண்ணைக் கூப்பிட்டு, குரல் தெரிந்தவரிடம் கேளுங்கள். மெயில் பெட்டிக்குள் புகுந்து உண்மையான பில்லிலேயே கணக்கு எண்ணை மாற்றி அனுப்பும் மோசடி நடக்கிறது. டிரான்ஸ்ஃபரில் போன பணத்துக்குப் பின்னால் உங்களுக்காக வாதாட எந்த வங்கிக்கும் கடமை இல்லை.

அனுப்பும்போது குறிப்புக் கட்டத்தில் பில் எண்ணை எழுதுங்கள். அனுப்பிய பிறகு, அந்தப் பரிமாற்றத்துக்கு வங்கி தரும் அடையாள எண்ணான யூடிஆர் எண்ணைப் பார்ட்டிக்குக் கொடுங்கள். ஆர்டிஜிஎஸ்ஸில் அது 22 எழுத்து, நெஃப்ட்டில் 16. ஸ்கிரீன்ஷாட் எதற்கும் அத்தாட்சி ஆகாது. விற்பவராக இருந்தால் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து ஒருபோதும் சரக்கை ஏற்றாதீர்கள். உங்கள் கணக்கைத் திறந்து வரவைப் பாருங்கள்.

செக்: தவணைக்கு ஏற்றது, எழுதுவதில் கவனம் வேண்டும்

டிரான்ஸ்ஃபர் இவ்வளவு எளிதான பிறகும் சந்தையில் செக் மறையாததற்குக் காரணம் ஒன்றுதான்: தவணை. சரக்கு இன்று, பணம் 45 நாள் கழித்து என்னும்போது, தேதி போட்ட செக் விற்பவருக்கு ஒரு பிடி. 1881-ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு அந்தப் பிடியைக் கொடுக்கிறது. பணம் இல்லாமல் செக் திரும்பினால், விற்பவர் அந்தத் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் செக் கொடுத்தவர் கட்டாவிட்டால், அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் குற்றவியல் நீதிமன்றத்தில் புகார் கொடுக்கலாம். தண்டனை 2 ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையின் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். இந்தக் கெடுக்களில் ஒன்றைத் தவறவிட்டாலே வழக்கு ஆட்டம் கண்டுவிடும். அதனால் செக் திரும்பியதற்கு வங்கி தரும் சீட்டான ரிட்டர்ன் மெமோ வந்த தேதியை அன்றே குறித்து வையுங்கள்.

கொடுப்பவர் தெரிந்துகொள்ள வேண்டிய பெரிய மாற்றம் 2025 அக்டோபர் 4-இல் வந்தது. அதற்கு முன் செக் கிளியரிங்குக்கு ஒன்றிரண்டு நாள் ஆகும். இன்று செக் கொடுத்துவிட்டு நாளை மாலைக்குள் பணம் போட்டுக்கொள்ளலாம் என்ற பழக்கம் கடைவீதி முழுக்க இருந்தது. இப்போது காலை 9 முதல் பிற்பகல் 3 வரை வாங்கும் செக்குகளை வங்கிகள் ஸ்கேன் செய்து தொடர்ச்சியாக அனுப்புகின்றன. பணம் கொடுக்க வேண்டிய வங்கி அன்று மாலை 7 மணிக்குள் பதில் சொல்லாவிட்டால் செக் ஏற்கப்பட்டதாகவே கொள்ளப்படும். ஆகவே செக்கில் போட்ட தேதியன்று காலையிலேயே கணக்கில் பணம் இருக்க வேண்டும். பழைய கணக்கில் நடப்பவர்களுக்குத்தான் செக் திரும்புகிறது.

எழுதும் முறை. மேலே இடது மூலையில் இரண்டு கோடு போட்டு, நடுவில் ‘அக்கவுண்ட் பேயீ’ என்று எழுதுங்கள். வெறும் இரண்டு கோடு போதாது. 10,000-க்கு மேற்பட்ட செலவுக்கு வரிச் சட்டம் கேட்பது அக்கவுண்ட் பேயீ செக். அது இல்லாத செக் கொடுத்துவிட்டு ‘செக்கில்தானே கட்டினேன்’ என்றால் தணிக்கையில் எடுபடாது. பெயருக்குப் பின்னால் அச்சிட்டிருக்கும் ‘பேரர்’ (கொண்டுவருபவர்) என்ற சொல்லை அடித்துவிடுங்கள். பெயரைப் பார்ட்டியின் கணக்கில் உள்ளபடியே எழுதுங்கள். கடையை எல்லோரும் அழைக்கும் பெயர் வேறாக இருக்கலாம். தொகையை எழுத்தால் எழுதி ‘மட்டும்’ என்று முடித்து, மீதி இடத்தைக் கோடிட்டு அடையுங்கள். எழுத்தும் எண்ணும் முரண்பட்டால் சட்டப்படி எழுத்தே செல்லும், ஆனால் நடைமுறையில் வங்கி திருப்பி அனுப்பிவிடும். அடித்துத் திருத்தவே கூடாது. ஸ்கேன் செய்த படத்தை வைத்துத்தான் பணம் கொடுக்கிறார்கள் என்பதால் திருத்திய செக், பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாலும், ஏற்கப்படாது. புதுத் தாள் கிழியுங்கள். கீழே காந்த மையில் எண்கள் அச்சிட்ட வெள்ளைப் பட்டையில் முத்திரை, கையெழுத்து, ஸ்டேப்ளர் எதுவும் படக்கூடாது. நிறுவன முத்திரையைக் கையெழுத்தின் மீது வைத்தால் கையெழுத்து வேறுபடுகிறது என்று திரும்பும்.

50,000 ரூபாயோ அதற்கு மேலோ உள்ள செக்குக்கு பாசிட்டிவ் பே இருக்கிறது: செக் எண், தேதி, பெயர், தொகை ஆகியவற்றை நெட் பேங்கிங்கிலோ செயலியிலோ கிளையிலோ முன்கூட்டியே பதிந்து வைப்பது. 5 லட்சமும் அதற்கு மேலும் என்றால் இதைக் கட்டாயமாக்க வங்கிகளுக்கு உரிமை உண்டு. பதியாத பெரிய செக் திரும்பினால், கணக்கில் பணம் இருந்தும் பார்ட்டி முன் தலைகுனிய வேண்டிவரும். செக் எழுதிய கையோடு பதிந்துவிடுங்கள்.

செக்கின் ஆயுள் அதில் போட்ட தேதியிலிருந்து 3 மாதம். அதற்குள் வங்கிக்குப் போகும் முன் ஸ்டாப் பேமெண்ட் கொடுக்கலாம் என்பது டிரான்ஸ்ஃபரில் இல்லாத வசதி. ஆனால் அதைத் தப்பிக்கும் வழியாக நினைக்காதீர்கள். சரக்கை வாங்கிக்கொண்டு, கடன் நிலுவையில் இருக்கும்போது செக்கை நிறுத்தினாலும் 138 பாயும் என்பதே உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடு. சரக்கு பழுது என்றால் முதலில் எழுத்தில் புகார், படம், திருப்பி அனுப்பிய ரசீது எல்லாம் கையில் இருக்க வேண்டும், அப்புறம் நிறுத்துங்கள்.

கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுச் செக்கை ‘செக்யூரிட்டிக்கு’ என்று கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். தானாக விரும்பிக் கையெழுத்திட்டுக் கொடுத்த செக்கை மற்றவர் நிரப்பினாலும், கடனுக்காகக் கொடுத்தது என்றே சட்டம் அனுமானிக்கும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இல்லை என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில். கொடுத்தே ஆக வேண்டிய நிலை என்றால் பெயரையும் தொகையையும் எழுதி, எதற்கான பாதுகாப்பு என்று ஒரு கடிதத்தில் செக் எண்ணோடு குறித்து, வாங்கியவர் கையெழுத்துப் பெறுங்கள். கணக்கு முடிந்ததும் செக்கைத் திரும்ப வாங்குங்கள்.

கார்டு: கட்டணத்தை யார் சுமக்கிறார்

கார்டில் தேய்க்கும் ஒவ்வொரு ரூபாயிலும் ஒரு பங்கை விற்பவரின் வங்கி பிடித்துக்கொள்கிறது. டெபிட் கார்டுக்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைத்திருக்கிறது. கிரெடிட் கார்டுக்கு அப்படி வரம்பு இல்லை. 2 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போடுவோம். 3 லட்சத்துக்கு 6,000, அதன் மீது 18 சதவீத ஜிஎஸ்டி 1,080, மொத்தம் 7,080 ரூபாய். ஆர்டிஜிஎஸ்ஸில் இதே தொகைக்கு முப்பது ரூபாய்கூட ஆகாது. அதனால்தான் மொத்த வியாபாரி கார்டை நீட்டினால் முகம் சுளிக்கிறார், அல்லது 2 சதவீதம் சேர்த்துப் போடுகிறேன் என்கிறார்.

சேர்த்துக் கொடுப்பது உங்களுக்குக் கட்டுமா? கார்டின் பலம் வட்டியில்லாத நாட்கள். கார்டின் மாத பில் தேதி 18, கட்டும் கெடு அதிலிருந்து 20 நாள் என்றால், ஜூன் 19-இல் தேய்த்தது ஜூலை 18 பில்லில் வந்து ஆகஸ்ட் 7-இல் கட்ட வேண்டியதாகும்: 49 நாள். ஜூன் 17-இல் தேய்த்தால் ஜூலை 8-ஆம் தேதியே கட்ட வேண்டும்: 21 நாள்தான். உங்கள் ஓடி (ஓவர்டிராஃப்ட்) கணக்குக்கு ஆண்டு வட்டி 12 சதவீதம் என்றால், 3 லட்சத்துக்கு 45 நாள் வட்டி சுமார் 4,440 ரூபாய். பார்ட்டி 7,080 ரூபாயைப் பில்லில் ஏற்றுகிறார் என்றால் ஓடியில் எடுத்து ஆர்டிஜிஎஸ் போடுவதே மலிவு. உடனே பணம் கட்டினால் 2 சதவீதம் தள்ளுபடி என்று அவர் சொல்லியிருந்தால் கணக்கு இன்னும் ஒருபக்கம் சாயும். ஏற்றாமல் வாங்கிக்கொள்கிறார் என்றால் மட்டுமே கார்டு லாபம்.

அதுவும் கெடுவுக்குள் முழுத் தொகையையும் கட்டினால்தான். ‘மினிமம் டியூ’ என்ற குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் வட்டி தேய்த்த தேதியிலிருந்தே ஓடத் தொடங்கும், புதிதாக வாங்குவதற்கும் வட்டியில்லாக் காலம் போய்விடும். மாதம் 3.5 சதவீதம் என்றால் 3 லட்சத்துக்கு 10,500 ரூபாய், அதன் மீதும் 18 சதவீத ஜிஎஸ்டி. எந்தச் சரக்கின் லாபமும் இதைத் தாங்காது.

இவ்வளவு சொன்ன பிறகும், முன்பின் தெரியாத பார்ட்டியிடம் ஆன்லைனில் முன்பணம் கட்டி வாங்கும்போது கார்டைத்தான் பரிந்துரைப்போம். பணம் தவறினால் நடுவில் நின்று கேட்க ஒருவர் இருப்பது இதில் மட்டும்தான். சரக்கு வரவில்லை, வேறு சரக்கு வந்தது என்றால் கார்டு கொடுத்த வங்கியிடம் தகராறு பதிந்து, விற்பவரின் வங்கியிடமிருந்து தொகையைத் திரும்பக் கேட்கும் முறை இருக்கிறது. அதற்குக் கெடு உண்டு. ஆர்டர் நகல், விற்பவர் சொன்ன டெலிவரி தேதி, நீங்கள் அனுப்பிய நினைவூட்டல்கள் ஆகியவற்றைச் சேர்த்துச் சீக்கிரம் பதியுங்கள். மாதக்கணக்கில் ‘நாளை வரும்’ என்பதைக் கேட்டுக்கொண்டிருந்தால் கெடு தாண்டிவிடும்.

ஸ்வைப் மெஷின் இல்லாத பார்ட்டிக்கும் உங்கள் கார்டிலிருந்து பணம் அனுப்பித் தருகிறோம் என்று இடையில் நிற்கும் சேவைகளிடம் எச்சரிக்கையாக இருங்கள். கார்டு ஏற்காத விற்பவருக்குக் கார்டுப் பணத்தை நெஃப்ட்டாக மாற்றி அனுப்பும் ஒரு கார்டு நெட்வொர்க்கின் ஏற்பாட்டை 2024 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி நிறுத்திவைத்தது. இன்னொன்று: சொந்தக் கார்டைத் தொழிலுக்குப் பயன்படுத்துவதைப் பல வங்கிகளின் நிபந்தனைகள் தடுக்கின்றன. தொழிலுக்குத் தொழில் கார்டு வாங்குங்கள், கணக்கும் கலக்காது.

எப்போது கட்டுவது

வழியைத் தேர்ந்தெடுத்தாலும் தேதி தவறினால் வரி கடிக்கும். உற்பத்தியோ சேவையோ செய்யும் குறு, சிறு நிறுவனமாக மத்திய அரசின் உத்யம் பதிவு பெற்ற பார்ட்டிக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் உள்ள கெடுவில், ஆனால் 45 நாளுக்கு மிகாமல் கட்ட வேண்டும். ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் கட்டிய ஆண்டில்தான் அந்தச் செலவு கணக்கில் ஏறும். பணம் பெற வேண்டிய பார்ட்டி வாங்கி விற்கும் வியாபாரி என்றால் இது பொருந்தாது. ஜிஎஸ்டியில் இன்னொரு கெடு: பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பார்ட்டிக்குப் பணம் கொடுக்காவிட்டால், கொள்முதலில் கட்டிய ஜிஎஸ்டிக்காக எடுத்த உள்ளீட்டு வரி வரவை வட்டியோடு திருப்ப வேண்டும். மார்ச் கடைசி வாரத்தில் செக் கொடுப்பதைத் தவிர்த்து டிரான்ஸ்ஃபர் போடுங்கள். தேதியில் சந்தேகமே எழாது.

தவறு நடந்துவிட்டால்

ஐஎம்பிஎஸ்ஸில் உங்கள் கணக்கில் கழிந்து பார்ட்டிக்குப் போகவில்லை என்றால் மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். யுபிஐயில் கடைக்குக் கட்டியது 5 நாளுக்குள். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும், நீங்கள் கேட்காமலே. நெஃப்ட் தாமதத்துக்கு, வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் ரெப்போ விகிதத்தோடு 2 சதவீதம் சேர்த்து வட்டி. தவறான கணக்குக்குப் போய்விட்டால் அன்றே உங்கள் கிளையில் யூடிஆர் எண்ணோடு எழுத்தில் கொடுத்து, ஒப்புதல் முத்திரை வாங்குங்கள்.

மோசடி என்று தெரிந்த அந்த நிமிடமே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க முடிவது முதல் சில மணி நேரத்தில்தான். உங்கள் தவறு இல்லாமல் வெளியாரால் கார்டிலோ கணக்கிலோ நடந்த களவை, 2017-இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதிப்படி, தகவல் கிடைத்த 3 வேலை நாளுக்குள் வங்கிக்குச் சொன்னால் இழப்பு உங்கள் தலையில் விழாது. 4 முதல் 7 நாள் என்றால் ஒரு பகுதி உங்களுடையது. அதனால் எஸ்எம்எஸ்ஸும் மெயிலும் தொழிலை நடத்துபவரின் கைக்கே வரும்படி வையுங்கள்; விலகிப் போன கணக்காளரின் எண்ணுக்கு அவை போய்க்கொண்டிருக்கும் கடைகள் ஏராளம். வங்கி 30 நாளில் பதில் சொல்லாவிட்டால், அல்லது சொன்ன பதில் சரியில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்புட்ஸ்மனிடம் கட்டணமில்லாமல் புகார் கொடுக்கலாம். முதலில் வங்கிக்குக் கொடுத்த புகாரின் எண்ணைக் கேட்பார்கள். அது இல்லாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.